பூசணிக்காய் உடைத்த பிறகு

தமிழ்த் திரையுலகில் படப்பிடிப்பின் கடைசி நாளன்று பூசணிக்காய் உடைப்பது வழக்கம். திருஷ்டி கழிக்கும் அச்சடங்கின் பெயர், ‘படப்பிடிப்பு முடிந்தது’ என்பதற்கான தொடராகவே நிலைத்துவிட்டது. நம் கல்லூரிகளின் காட்சித் தொடர்பியல் மாணவர்களும் இப்போது தங்கள் குறும்படத்திற்குப் பூசணிக்காய் உடைக்கிறார்கள். மகிழ்ச்சியே. பதினைந்து நிமிடப் படத்துக்காக நான்கு நாள் வெயிலில் நின்றவர்களுக்கு அந்த ஆரவாரம் உரியதுதான். ஆனால் பெரும்பாலும் அந்த ஆரவாரத்தோடு படமும் முடிந்துவிடுகிறது. அதுவே நம் கவலை.

தமிழ்த்துறையில் இருக்கும் நம்மிடம் இம்மாணவர்கள் கதை கேட்டு வருவதுண்டு. வசனத்தைத் திருத்தி வாங்கிச் செல்வதுண்டு. அவ்வகையில் நாம் ஆண்டுதோறும் காண்பது இதுதான்: பருவத்தின் தொடக்கத்தில் கதை, நடுவில் படப்பிடிப்பு, இறுதியில் செய்முறைத் தேர்வு. எடிட்டிங்குக்கு எஞ்சுவது சில இரவுகள். அவசரத்தில் ஒட்டிய ஒரு வடிவம் தேர்வாளர் முன் ஓடுகிறது, மதிப்பெண் விழுகிறது. பிறகு மாணவர்கள் ஆளுக்கொரு திசையில் வேலை தேடிப் போகிறார்கள். படம் யாரோ ஒருவருடைய ஹார்ட் டிஸ்கில் கிடக்கிறது. அது பழுதானால் அதோடு போயிற்று.

நமக்குப் பழக்கமான ஓர் எடுத்துக்காட்டால் இதை விளக்கலாம். உ.வே. சாமிநாதையருக்குச் சீவக சிந்தாமணியின்பால் நாட்டம் பிறந்தது 1880இல். அவருடைய பதிப்பு வெளிவந்தது 1887இல். ஏடு கைக்கு வந்ததுமே பணி முடிந்ததென்று அவர் இருந்திருந்தால் அப்பதிப்பு நமக்குக் கிடைத்திராது. ஏடுகளை ஒப்புநோக்கி, பாடபேதம் கண்டு, உரையோடு பொருத்திப் பார்த்த ஆண்டுகளே அந்நூலை உருவாக்கின. படப்பிடிப்பு ஏடு தேடுவதைப் போன்றது; படத்தொகுப்பு பாடம் தேர்வதைப் போன்றது. ஒரு காட்சியின் ஐந்து டேக்குகளில் எது நிற்க வேண்டும் என்று முடிவு செய்யும் மாணவன் பதிப்பாசிரியனின் வேலையையே செய்கிறான். அதற்குரிய காலத்தை நம் பாடத்திட்டம் அவனுக்குத் தருவதில்லை.

மாணவர் படம் என்றால் இவ்வளவுதான் என்பாருக்குச் சார்லஸ் பர்னெட்டை நினைவூட்டலாம். லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மாணவராக அவர் எடுத்த படம் ‘கில்லர் ஆஃப் ஷீப்’. வாட்ஸ் பகுதியில் வாழும் ஒரு கசாப்புக்கூடத் தொழிலாளியின் கதை. வார இறுதி நாட்களில், பெரும்பாலும் தொழில்முறை நடிகரல்லாத மக்களைக் கொண்டு, 16 மி.மீ. கறுப்பு வெள்ளையில், 10,000 டாலருக்கும் குறைவான செலவில் எடுத்தார். 1977இல் முதுகலை ஆய்வேடாக அளித்தார். 1990இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் அது இடம்பெற்றது. ஆயினும் திரையரங்குகளில் முறையாக வெளியானது 2007இல்தான். முப்பது ஆண்டுத் தடைக்குக் காரணம், படத்தில் ஒலிக்கும் பாடல்களுக்கு உரிமை பெறப்படாததே. அவ்வுரிமைகளைப் பெற ஆன தொகை ஏறத்தாழ 1,50,000 டாலர். படம் எடுக்க ஆனதைப்போல் பதினைந்து மடங்கு! பல்கலைக்கழகத்தின் ஆவணக்காப்பகம் பிரதியைப் புதுப்பித்திராவிட்டால் அதுவும் இயன்றிராது.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. ஒன்று, உரிமை. நம் மாணவர்கள் புகழ்பெற்ற திரைப்பாடலைத் தயங்காமல் பின்னணியில் ஓடவிடுகிறார்கள். அச்சில் வந்த சிறுகதையைக் கேளாமலே படமாக்குகிறார்கள். இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் வரை படைப்புக்குப் பதிப்புரிமை உண்டு. புதுமைப்பித்தன் படைப்புகள் 2002இலேயே நாட்டுடைமை ஆகிவிட்டன; ஆனால் 2015இல் மறைந்த ஜெயகாந்தனின் கதையை எடுக்க அனுமதி வேண்டும். வகுப்பறையில் எழாத இந்தக் கேள்வி, திரைப்பட விழாவுக்கு அனுப்பும்போதும் யூடியூபில் ஏற்றும்போதும் வழிமறிக்கும். இரண்டாவது, பாதுகாப்பு. எந்தக் கல்லூரியிலும் பழைய ஆய்வேடுகளுக்கு நூலகத்தில் ஓர் அலமாரி இருக்கும். மாணவர் படங்களுக்கு அத்தகைய இடம் ஏன் இல்லை?

‘மாணவருக்குக் கற்றலே நோக்கம், படமன்று, படப்பிடிப்பிலேயே கற்றுவிடுகிறார்கள்’ என்று ஒரு வாதம் உண்டு. அதில் பாதி உண்மை. படப்பிடிப்பில் துணிவையும் கூட்டு உழைப்பையும் கற்கிறார்கள். எடுத்ததில் எது பொருந்தவில்லை, எந்த வசனம் மிகை, எங்கே மௌனம் போதும் என்பதெல்லாம் எடிட்டிங் மேசையில்தான் தெரியவரும். எழுதியதைத் திரும்பப் படிக்காதவனை எழுதக் கற்றவன் என்று நாம் சொல்வதில்லையே.

கற்றலுக்கு அப்பால் ஒரு கடனும் உண்டு. மாணவர்களுக்காக இரண்டு நாள் வியாபாரத்தை நிறுத்திக் கடையைத் தந்த தேநீர்க்கடைக்காரர் ஒருவரை நாம் அறிவோம். பணம் வாங்கவில்லை. “படத்த எப்பப்பா காட்டுவீங்க?” என்று மட்டும் கேட்டார். அந்தப் பிள்ளைகள் இன்று மூன்று நகரங்களில் வேலை பார்க்கிறார்கள். படம் முடியவில்லை. அக்கடையைக் கடக்கும்போதெல்லாம் அவர் நம்மிடம் அதே கேள்வியைக் கேட்கிறார்.

செய்ய வேண்டியவை அரியனவல்ல. படப்பிடிப்பை முந்தைய பருவத்திலேயே முடிக்கச் செய்து, கடைசிப் பருவம் முழுவதையும் தொகுப்புக்கும் ஒலிக்கும் ஒதுக்கலாம். கதைக்கும் இசைக்கும் எழுத்து வடிவ அனுமதியை மதிப்பீட்டின் ஒரு கூறாக்கலாம். முடிந்த படத்தின் பிரதிகளை இரண்டு வெவ்வேறு இடங்களில் வைத்து, ஒன்றை நூலகத்தில் சேர்க்கலாம். முதல் திரையிடலைத் தேர்வாளருக்காக மட்டுமன்றி, படம் எடுத்த தெருவிலும் நடத்தலாம். கல்லூரிகளில் பணியாற்றும் வாசகர்கள் தத்தம் பாடத்திட்டக் குழுக்களில் இவற்றை முன்வைக்க வேண்டும் என்பது நம் வேண்டுகோள். வரும் கல்வியாண்டில் ஒன்றிரண்டு துறைகள் முயன்றாலும் போதும். பூசணிக்காயைப் பிள்ளைகள் வழக்கம்போல உடைத்துக்கொள்ளட்டும்.