கடலைக்குப் போட்ட தண்டவாளம்

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்கு பஸ்ஸில் போனால் சுமார் 40 கிலோமீட்டர். ரயிலில் போக வேண்டுமென்றால் தெற்கே விழுப்புரம் வரை போய் இறங்கி, வேறு வண்டி பிடித்துக் கிழக்கே திரும்ப வேண்டும். கிட்டத்தட்ட 75 கிலோமீட்டர். புதுச்சேரியில் கல்லூரி படித்த மூன்று வருடமும் நான் பஸ்ஸில்தான் தொங்கிக்கொண்டு போனேன். "நம்மூர்லயும் ஸ்டேஷன் இருக்கு, அங்கயும் இருக்கு, நடுவுல மட்டும் ஏன்ப்பா தண்டவாளம் இல்ல?" என்று ஒருமுறை பெரியப்பாவிடம் கேட்டேன். "அது மனுசன் போறதுக்குப் போட்ட பாதை இல்லடா, கடலை போறதுக்குப் போட்டது" என்றார். கிண்டல் என்று நினைத்தேன். அவர் சொன்னது வரலாறு.

இன்ஸ்டாகிராமில் புதுச்சேரி ரயில் நிலையத்தைப் படம் போட்டு "பிரெஞ்சுக்காரர்கள் தந்த பரிசு" என்று எழுதும் நண்பர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. மஞ்சள் சுவர், போகன்வில்லா, காபிக் கடை, அந்த வரிசையில் ரயிலும் சேர்ந்துவிட்டது. பரிசு என்றால் யார் யாருக்குக் கொடுத்தது?

விழுப்புரம் - புதுச்சேரி பாதை 1879 டிசம்பரில் திறக்கப்பட்டது. மொத்தம் சுமார் 38 கிலோமீட்டர். விழுப்புரம், வளவனூர், சின்னபாபுசமுத்திரம் எல்லாம் பிரிட்டிஷ் இந்தியாவின் தென்னார்க்காடு மாவட்டம். வில்லியனூர் வந்தால் பிரான்சு. அதாவது இது இரண்டு நாடுகளின் எல்லையைக் கடந்த ரயில். பிரெஞ்சு மண்ணில் கிடந்த துண்டு புதுச்சேரி ரயில்வே கம்பெனியுடையது. ஆனால் அதிலும் வண்டி ஓட்டியது சவுத் இந்தியன் ரயில்வே என்ற ஆங்கிலேயக் கம்பெனி. பிரெஞ்சு கவர்னர் ஊருக்குள் வரும் ரயிலை ஆங்கிலேயனின் டிரைவர்தான் ஓட்டிக்கொண்டு வந்தான். நூற்றாண்டுக் கணக்கில் அடித்துக்கொண்ட இரண்டு பேரும் இந்த விஷயத்தில் மட்டும் எப்படிக் கைகுலுக்கினார்கள்?

சரக்குதான் காரணம். பிரான்சுக்குத் துறைமுகம் இருந்தது, பின்னால் விளைநிலம் போதாது. விளைநிலம் பிரிட்டிஷ்காரன் பக்கம் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டுகளில் தென்னார்க்காட்டின் வேர்க்கடலை புதுச்சேரி வழியாகக் கப்பலேறி மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்கும் சோப்பு ஆலைகளுக்கும் போனது. புதுச்சேரியில் நெய்து சாயம் தோய்த்த நீலத்துணி ஆப்பிரிக்காவில் செனகல் வரைக்கும் போனது. பாதை எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்பதை அந்தச் சரக்கு தீர்மானித்தது.

இது அவர்களுக்குப் பழகிய வேலைதான். 1815இல் புதுச்சேரி உப்பைப் பற்றி இரண்டு பேரும் ஓர் உடன்படிக்கை செய்தார்கள். 1818இல் அதையும் மாற்றினார்கள். பிரெஞ்சுப் பகுதியில் உப்பே விளைவிக்கக் கூடாது, அதற்கு ஈடாக ஆண்டுக்கு 4000 வராகன் பிரிட்டிஷார் தர வேண்டும். பணம் கவர்னர் கஜானாவுக்குப் போனது. வேலை இழந்தவன் உப்பளத்தில் நின்றவன். அந்த மேசையில் அவனுக்கு நாற்காலி போடவில்லை. ரயிலுக்கும் அப்படியே.

இந்த இடத்தில் சீனாவைப் பார்ப்பது நல்லது. ஹாங்காங்கின் கௌலூனிலிருந்து கேன்டனுக்கு ஒரு ரயில். பிரிட்டிஷ் பகுதி 1910 அக்டோபரிலும், சீனப் பகுதி 1911இலும் திறக்கப்பட்டன. சீனப் பகுதிக்கு 1907இல் 15 லட்சம் பவுண்டு கடன் கொடுத்தது பிரிட்டிஷ் நிறுவனம். அந்தக் கடனோடு அவர்கள் விதித்த நிபந்தனைகளும் வந்தன. ஆனாலும் சீன அதிகாரிகள் எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. தங்கள் பகுதி தங்கள் நிர்வாகத்தில்தான் இருக்க வேண்டும் என்று நின்றார்கள். கேன்டனிலிருந்து வடக்கே போகும் பாதையோடு இதை இணைத்தால் தங்கள் துறைமுக வியாபாரம் ஹாங்காங்குக்குப் போய்விடும் என்று பயந்து, அந்த இணைப்பை 1930கள் வரை தள்ளிப்போட்டார்கள். அந்த மண்ணின் ஆட்கள் மேசையின் ஒரு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதுதான் விஷயம். பலவீனமான அரசு, ஊழல் அரசு, எல்லாம் சரி. ஆனால் "மாட்டேன்" என்று சொல்ல ஒருத்தன் இருந்தான். விழுப்புரம் பாதைக்கு மேசையின் இரண்டு பக்கமும் வெள்ளைக்காரன்.

"அதனால என்ன, ரயில் வந்துச்சே" என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. வந்தது, ஜனங்களும் ஏறினார்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்த எல்லை யாருக்குத் திறந்தது, யாருக்கு மூடியது என்று பாருங்கள். கடலை மூட்டை தடையில்லாமல் எல்லை தாண்டிப் போனது. 1908இல் புதுச்சேரிக்குள் போன பாரதி பத்து வருடம் வெளியே வர முடியவில்லை. 1918 நவம்பரில் எல்லையைத் தாண்டியதும் கடலூர் அருகே பிடித்து உள்ளே போட்டார்கள். 1911இல் மணியாச்சியில் ஆஷ் சுடப்பட்ட பிறகு புதுச்சேரியைச் சுற்றி பிரிட்டிஷ் உளவாளிகள் மொய்த்தார்கள். சரக்குக்கு ஒரு சட்டமும் மனிதனுக்கு ஒரு சட்டமும் இருந்தன.

வெள்ளைக்காரன் போன பிறகும் கதை முடியவில்லை. 1947க்குப் பிறகு அது இந்தியாவுக்கும் பிரான்சுக்குமான எல்லை. 1949இல் சுங்க ஒன்றியம் முறிந்தது, எல்லையில் சோதனை வந்தது. 1954இல் முற்றுகை இறுகியது. அந்த அக்டோபரில் கீழூரில் 178 பிரதிநிதிகள் வாக்களித்தார்கள், 170 பேர் இந்தியாவோடு இணையச் சொன்னார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. வரைபடத்தில் இருந்த நாட்டு எல்லை போய்விட்டது. தண்டவாளத்தின் வரைபடம் மட்டும் அப்படியே இருக்கிறது.

எனக்கு வலிப்பது இதுதான். மீட்டர்கேஜ் போய் அகலப்பாதை வந்தது, நிலக்கரி போய் மின்சாரம் வந்தது. ஆனால் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் ரயில் இன்றும் திண்டிவனத்தைத் தாண்டி, விழுப்புரம் போய்த்தான் திரும்புகிறது. கடலைக்காகப் போட்ட கணக்கை, 75 வருடத்துக்கும் மேலாக நம் ஆட்சியே இருந்தும், நாம் திருத்தவில்லை. எல்லையைத் தாண்டி வேலைக்கும் படிப்புக்கும் ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கும் தினமும் போகிறவர்கள் பஸ் படிக்கட்டில் நிற்கிறார்கள்.

எதிரிகளாக இருந்த இரண்டு பேரரசுகள் லாபத்துக்காக ஒரு பாதையில் உடன்பட முடிந்தது. ஒரே நாட்டின் மாநிலம், யூனியன் பிரதேசம், ரயில்வே, மூன்றும் ஜனங்களுக்காக உட்கார்ந்து பேச என்ன தடை? நிலம் எடுப்பதா, செலவா, லாபம் வராது என்பதா, அதை வெளிப்படையாகச் சொல்லட்டும். அப்படிப் பேசும்போது திண்டிவனத்து ஆள் ஒருவருக்கும் வில்லியனூர் ஆள் ஒருவருக்கும் நாற்காலி போடட்டும். 1879இல் போடாத நாற்காலி அது.

அதுவரை, புதுச்சேரி ஸ்டேஷனைப் படமெடுக்கும் நண்பர்களே, நன்றாக எடுங்கள். கீழே எழுதும்போது மட்டும் "பரிசு" என்று எழுதாதீர்கள். எங்கள் கடலைக்காரர்கள் விலை கொடுத்து முடித்த பொருள் அது.