அரைக்கால் அங்குலம்

டேவோர் எக்ஸ்95 என்னும் இஸ்ரேலிய ரைஃபிளின் அமெரிக்கக் குடிமக்களுக்கான வடிவம் மொத்தம் 26 அங்குலமும் அரைக்காலும் நீளமுடையது. அதன் குழல் 16.5 அங்குலம். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி ரைஃபிளின் மொத்த நீளம் 26 அங்குலத்துக்கும், குழலின் நீளம் 16 அங்குலத்துக்கும் குறையக்கூடாது. குறைந்தால் அது 'குட்டைக்குழல் ரைஃபிள்' என்னும் தனி வகைக்குள் சென்றுவிடும். அதற்குக் கைரேகை, ஒளிப்படம், பதிவு, முன்னொப்புதல் என்று நீண்ட நடைமுறை உண்டு. இதே ரைஃபிள் படைகளுக்குச் செல்லும்போது அதன் வழக்கமான குழல் நீளம் 330 மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழ 13 அங்குலம். பொறியாளர் வரைந்தது 13. கடைக்கு வந்தது 16.5. இடைப்பட்ட மூன்றரை அங்குல எஃகை அளந்து கொடுத்தது ஒரு சட்டப்பிரிவு.

அளவில் சிறிய, சைலன்சர் பொருத்துவதற்கு ஆயத்தமான, அரைத் தானியங்கி 'விளையாட்டு' ரைஃபிள் என்பது இன்று அமெரிக்கச் சந்தையில் மிகுதியாக மதிப்பிடப்படும் பொருள்களுள் ஒன்று. மதிப்பீடுகள் ஏறக்குறைய ஒரே அச்சில் அமைந்தவை: எடை, விசையின் இழுப்பு, நூறு கெசத் தொலைவில் குண்டுகள் எவ்வளவு நெருக்கமாகப் பாய்கின்றன, விலை. இவை பயனற்றவை என்று எவரும் கூறமாட்டார். ஆயினும் 'சிறிய', 'சைலன்சருக்கு ஆயத்தமான', 'விளையாட்டு' ஆகிய மூன்று அடைமொழிகளும் சட்டத்தோடு நடந்த நெடிய பேரத்தின் விளைவுகள். அந்தப் பேரத்தின் ஒரு முக்கிய நிபந்தனை 2026 ஜனவரி 1 அன்று மாறிவிட்டது. அதற்கு முன் எழுதப்பட்ட மதிப்பீடுகளை அப்படியே நம்பிப் பணம் கொடுப்பவர், காலாவதியான கேள்விக்கான விடையை வாங்குகிறார்.

1934ஆம் ஆண்டின் தேசியச் சுடுகலன் சட்டம் மதுவிலக்குக் காலத்துக் கும்பல் வன்முறையின் பின்னணியில் பிறந்தது. இயந்திரத் துப்பாக்கிகளோடு கைத்துப்பாக்கிகளையும் அதன் வரைவு உள்ளடக்கியிருந்தது. ரைஃபிளை அறுத்துக் குட்டையாக்கிக் கைத்துப்பாக்கிபோல மறைத்துச் செல்லும் வழியை அடைப்பதற்காகவே குழல் நீள வரம்பு சேர்க்கப்பட்டது. எதிர்ப்பின் காரணமாகக் கைத்துப்பாக்கிகள் வரைவிலிருந்து நீக்கப்பட்டன; அவற்றுக்குக் காவலாக வைத்த வேலி மட்டும் எஞ்சியது. காக்க வேண்டிய பயிர் போய், வேலி தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக நிற்கிறது. தொடக்கத்தில் 18 அங்குலமாக இருந்த ரைஃபிள் வரம்பு 1960இல் 16 ஆனது. கைமாற்றத்துக்கு விதிக்கப்பட்ட 200 டாலர் வரியோ ஒரு காசும் மாறவில்லை. 1934இல் அத்தொகை ஒரு தாம்சன் இயந்திரத் துப்பாக்கியின் விலைக்கு ஒப்பானது. வரி என்ற பெயரில் தடை. சில டாலருக்கு விற்ற சைலன்சருக்கும் அதே 200 டாலர்தான்.

கருவிகளுக்கு அரசியல் உண்டா என்று லாங்டன் வின்னர் 1980இல் எழுப்பிய வினா அறிவியல்-தொழில்நுட்பச் சமூகவியல் வகுப்புகளில் இன்றும் பாடம். அவர் எடுத்துக்காட்டிய லாங் ஐலண்ட் பாலங்கள் உள்நோக்கத்தோடுதான் தாழ்வாகக் கட்டப்பட்டனவா என்பதை 1999இல் பெர்ன்வார்ட் யோர்கஸ் கடுமையாகக் கேள்விக்குட்படுத்தினார். ரைஃபிளுக்கு அந்தச் சிக்கல் கிடையாது. உள்நோக்கத்தை ஆவணக் காப்பகங்களில் துழாவ வேண்டியதில்லை. அங்குலக் கணக்கில் சட்டநூலிலேயே அச்சாகியிருக்கிறது. பாலங்களை விடுத்து இதை எடுத்துக்காட்டாகக் கற்பிக்கலாம் என்பது கிண்டலாகச் சொல்லப்படுவதன்று.

2025 ஜூலையில் கையெழுத்தான வரிச்சட்டம், சைலன்சருக்கும் குட்டைக்குழல் ரைஃபிளுக்கும் உரிய அந்த 200 டாலரைச் சுழியமாக்கியது. பதிவும் ஒப்புதலும் நீங்கவில்லை. வரி மட்டுமே நீங்கியது. இதனால் வாங்குபவரின் கணக்கு எவ்வாறு மாறுகிறது என்பதைப் பார்க்கவேண்டும்.

16 அங்குலக் குழலுடைய வழக்கமான ஏஆர்-15, பின்கட்டையை உள்ளிழுத்த நிலையில் ஏறக்குறைய 32 முதல் 33 அங்குலம். சைலன்சர் சுமார் 7 அங்குலம் கூட்டும். மொத்தம் 40ஐத் தொடும். எக்ஸ்95 போன்ற 'புல்பப்' வகையில் தோட்டாப் பெட்டியும் இயக்கப் பகுதியும் விசைக்குப் பின்னால், தோளை ஒட்டி அமைகின்றன. ஆகவே அதே குழல் நீளத்துக்கும் சைலன்சரோடு 33 அங்குலத்தில் முடிந்துவிடும். அதிக விலை, பழகாத பிடி, நீண்ட இணைப்புக் கம்பியால் குழைவாகிப்போன விசை ஆகிய அனைத்தையும் பொறுத்துக்கொண்டு இதை வாங்கியோர், இந்த ஆறேழு அங்குலச் சேமிப்பையே வாங்கினர். இப்போது 11.5 அங்குலக் குழலுடைய ஏஆர்-15ஐ வரியின்றிப் பதிவு செய்துகொள்ளலாம். சைலன்சரோடு அது 35 அங்குலம். ஆறேழாக இருந்த இடைவெளி இரண்டாகச் சுருங்கிவிட்டது.

இதனால் புல்பப் வீண் என்று முடிவுகட்டுவதும் அவசரமாகும். ஆஸ்திரியாவின் ஸ்டெயர் ஏயுஜி 1970களில் உருவானபோது அமெரிக்க வரியை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். கவச வண்டிக்குள்ளிருந்து இறங்கும் வீரருக்குக் குறுகிய துப்பாக்கியில் நீண்ட குழல் வேண்டும் என்பதே தேவை. 5.56 மில்லிமீட்டர் தோட்டாவின் வலிமை அதன் வேகத்தில் உள்ளது. குழல் 16 அங்குலத்திலிருந்து 11.5க்குக் குறைந்தால் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 100 மீட்டர் குறையும்; எரிந்து முடியாத வாயு கூடுதல் அழுத்தத்தோடு சைலன்சருக்குள் பாயும். எந்தக் குழல் நீளத்துக்குக் கீழே தங்கள் சைலன்சரைப் பொருத்தக்கூடாது என்று பல தயாரிப்பாளர்கள் வரம்பு விதிப்பது இதனால்தான். அந்த வரம்பைப் படிக்காமல் குழலைக் குறைத்துக்கொள்வது சிக்கனமாகாது. மாநில எல்லை கடக்கும்போதும் வேறுபாடு உண்டு: குட்டைக்குழல் ரைஃபிளை வேறு மாநிலத்துக்குக் கொண்டுசெல்லக் கூட்டாட்சித் துறையின் முன்னனுமதி வேண்டும், சைலன்சருக்கு வேண்டியதில்லை. ஆகவே புல்பப்பை வாங்குபவருக்கு இன்றும் நியாயம் உண்டு. ஆனால் அது பழைய நியாயமாக இருக்க முடியாது; வரியை மிச்சப்படுத்தும் நியாயம் மறைந்து, வேகத்தைக் காக்கும் நியாயம் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. இருநூறு மீட்டருக்கு அப்பால் ஒருபோதும் சுடப்போகாதவருக்கு அதுவும் பெரிதன்று.

'சைலன்சருக்கு ஆயத்தமான' என்னும் தொடர் இன்னும் மோசமாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. குழல்வாயில் மரை வெட்டியிருந்தால் போதும், விளம்பரம் அப்படி எழுதிவிடும். மரை என்பது குறைந்தபட்சத் தகுதி. அதன் நடுக்கோடு குழற்துளையின் நடுக்கோட்டோடு ஒன்றாவிட்டால் குண்டு சைலன்சரின் உட்தடுப்புகளை உரசிச் சிதைக்கும். அளவுக்கோலை உள்ளே செலுத்திப் பார்க்காமல் முதல் குண்டைச் சுடுவது மடமை. அரை அங்குல விட்டத்தில், அங்குலத்துக்கு 28 சுற்று என்னும் அதே மரை 5.56க்கும் பல 9 மில்லிமீட்டர் குழல்களுக்கும் பொதுவானது. மரை பொருந்துவதால் துளை பொருந்திவிடாது.

உண்மையான ஆயத்தம் வாயுவில் இருக்கிறது. அரைத் தானியங்கி ரைஃபிள், சுட்ட தோட்டாவின் வாயுவில் ஒரு பகுதியைத் திருப்பி, அதன் உந்துதலால் வெற்றுக்கூட்டை எறிந்து அடுத்த தோட்டாவை ஏற்றுகிறது. சைலன்சர் வாயுவை வெளியேற விடாமல் தாமதப்படுத்துவதால் பின்னழுத்தம் உயர்கிறது. இயக்கப் பகுதி வேண்டிய வேகத்தை மீறிப் பின்னடிக்கிறது. உறுப்புகள் விரைவில் தேய்கின்றன. எரிவாயுவும் கரியும் சுடுபவரின் முகத்துக்கு வருகின்றன. புல்பப்பில் கூடு வெளியேறும் துளை கன்னத்தின் அருகிலேயே இருப்பதால் இத்தொல்லை இரட்டிப்பு. ஆதலின் கேட்க வேண்டிய முதற்கேள்வி வாயு அளவைக் குறைக்கும் அமைப்பு உண்டா என்பதே. குரோஷிய வடிவமைப்பான ஹெலியன் ரைஃபிளில் இரு நிலைகளுடைய வாயுச் சீராக்கி இருக்கிறது. எல்லாப் புல்பப்களிலும் இருக்காது.

ஒலி பற்றிய எண்களிலும் எச்சரிக்கை தேவை. 5.56 ரைஃபிளின் வெடியொலி சுமார் 165 டெசிபல். நல்ல சைலன்சர் அதில் 25 முதல் 30 டெசிபல் குறைக்கும். திடீர் ஒலிக்குத் தொழிற்பாதுகாப்பு விதிகள் வைக்கும் உச்சவரம்பு 140. எனவே திரைப்படத்தில் கேட்கும் 'ப்ஸ்க்' என்ற முனகலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. காதுக்கேட்டின் விளிம்பிலிருந்து ஒலி சற்று உள்ளே இறங்கி நிற்கிறது, அவ்வளவே. குண்டு ஒலியின் வேகமான நொடிக்கு 340 மீட்டரை மீறிப் பாயும்வரை, காற்றைக் கிழிக்கும் வெடிப்பொலியை எந்தச் சைலன்சரும் தடுக்காது. தயாரிப்பாளர் தரும் எண் பெரும்பாலும் குழல்வாயிலிருந்து ஒரு மீட்டர் பக்கவாட்டில் அளந்தது. சுடுபவரின் காது அங்கே இல்லை. கூடு வெளியேறும் துளையின் அருகில் காதை வைத்துச் சுடவேண்டிய ரைஃபிளுக்கு, காதருகே அளந்த எண்ணைத் தராத மதிப்பீட்டை ஒதுக்கிவிடலாம். ஹைரம் பெர்சி மேக்சிம் 1909இல் காப்புரிமை பெற்றபோது சைலன்சர் என்று பெயரிட்டது வணிகக் கவர்ச்சிக்காக. இருசக்கர வண்டியின் சைலன்சர் எத்தனை அமைதியானது என்பதைத் தமிழ் வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை. இயற்பியல் இரண்டுக்கும் ஒன்றே.

மூன்றாவது அடைமொழி 'விளையாட்டு'. 1968ஆம் ஆண்டுச் சட்டம், விளையாட்டு நோக்கத்துக்கு ஏற்ற சுடுகலன்களையே இறக்குமதி செய்யலாம் என்கிறது. 1989 ஜனவரியில் ஸ்டாக்டன் பள்ளியில் ஐந்து குழந்தைகள் கொல்லப்பட்ட பின், படைத்துறைச் சாயலுள்ள அரைத் தானியங்கி ரைஃபிள்கள் அத்தேர்வில் தேறாதவை என்று அரசு அறிவித்து இறக்குமதியை நிறுத்தியது. இன்று அயல்நாட்டு வடிவமைப்புகள், குறிப்பிட்ட இருபது உறுப்புகளில் பத்துக்கு மேல் இறக்குமதியானவை இல்லாதவாறு அமெரிக்காவிலேயே பூட்டி விற்கப்படுகின்றன. இதற்கு நேர்மாறாக, 2009இல் துப்பாக்கித் தொழில் சங்கம் இதே வகைக்கு 'நவீன விளையாட்டு ரைஃபிள்' என்று பெயர் சூட்டிப் பரப்பியது. சுங்கச் சாவடியில் விளையாட்டுப் பொருள் ஆகாதது கடைக் கண்ணாடிக்குள் விளையாட்டுப் பொருள் ஆகிவிடுகிறது. 1994 முதல் 2004 வரை நடைமுறையிலிருந்த கூட்டாட்சித் தடையில் மரை வெட்டிய குழல்வாய் தடைக்குரிய அடையாளங்களுள் ஒன்று. இப்போது அதுவே விற்பனைத் தகுதி. நியூயார்க்கில் அது இன்றும் தடைக்குரிய அடையாளம். கலிஃபோர்னியாவில் 30 அங்குலத்துக்குக் குறைந்த இவ்வகை ரைஃபிளே கூடாது. சைலன்சரைக் குடிமக்களுக்கு அனுமதிப்பவை 42 மாநிலங்கள்.

2019இல் வர்ஜீனியா பீச் நகராட்சிக் கட்டடத்தில் 12 பேரைக் கொன்றவரிடம் சைலன்சர் பொருத்திய கைத்துப்பாக்கி இருந்தது. ஆபத்து எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை உணரச் சத்தமே பலருக்கு முதல் துணை. அதை மங்கச்செய்யும் கருவியைக் காது நலக் கருவி என்று மட்டும் வருணிப்பது நேர்மையாகாது. அதேவேளை அதைக் கொலைகாரரின் கருவி என்று மட்டும் சித்திரிப்பதும் நார்வேயை மறப்பதாகும். அங்கு வேட்டைக்காரர்களிடையே சைலன்சர் சாதாரணப் பொருள், அண்டை வீட்டாருக்குக் காட்டும் மரியாதை. ஆனால் 2011 உட்டோயாப் படுகொலையில் பயன்பட்டதைப் போன்ற அரைத் தானியங்கி ரைஃபிள்களை 2021இல் நடைமுறைக்கு வந்த சட்டம் தடைசெய்கிறது. அந்நாடு குண்டு பாயும் விரைவைக் கட்டுப்படுத்தி ஓசைக் குறைப்பை விட்டுவைக்கிறது. அமெரிக்கா ஓசைக் குறைப்பைப் பதிவேட்டில் பூட்டிவைத்து, விரைவைக் கடையில் திறந்துவைக்கிறது. ஒரு பொருளை மட்டும் கையில் பிடித்து மதிப்பிடும் மதிப்பீடுகளில் இந்த ஒப்பீட்டுக்கு இடமே கிடையாது.

இந்தியாவில் இந்த விவாதம் கடைவரை எட்டுவதில்லை. குவாலியரை அடுத்த மாலன்பூரில் 2017இல் திறக்கப்பட்ட ஆலை டேவோர் குடும்பத்து ரைஃபிள்களை அரசுப் படைகளுக்காகவே செய்கிறது. அரைத் தானியங்கி ரைஃபிள் பொதுக் குடிமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட வகை. அங்கே யாரும் அந்த மூன்றரை அங்குலத்தைக் கூட்ட வேண்டியதில்லை.

அமெரிக்காவில் அடுத்த கட்டம் நீதிமன்றங்களில் இருக்கிறது. 1937இல் சான்ஜின்ஸ்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1934ஆம் ஆண்டுச் சட்டத்தை நிலைநிறுத்தியது, அது வரி விதிக்கும் அதிகாரத்துக்கு உட்பட்டது என்ற காரணத்தால். வரியே சுழியமான பின் பதிவேடு எந்த அதிகாரத்தின்மேல் நிற்கிறது என்று கேட்டு வழக்குகள் தொடுக்கப்பட்டுள்ளன. அவை வென்றால் 16 என்ற எண்ணுக்கும் 26 என்ற எண்ணுக்கும் கூட்டாட்சி அளவில் பொருள் இராது. தோற்றால் இரண்டும் அப்படியே நீடிக்கும். இரண்டாயிரம் டாலரை ஒட்டிய விலையில் இன்று புல்பப்பை வாங்குபவர், தீர்ப்பு வரும்முன் அந்த வழக்கின் ஒரு பக்கத்தில் பந்தயம் கட்டுகிறார். எந்தப் பக்கத்தில் என்பதை அறிந்து கட்டுவது அவருக்கு நல்லது.