பெர்மிட் முதலாளி கையில், தண்டனை தொழிலாளி தலையில்: அந்நியத் தொழிலாளர் வேலை அனுமதி குறித்து எங்கள் நிலைப்பாடு

அந்நியத் தொழிலாளியின் வேலை பாஸை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியவர் முதலாளி. அவர் புதுப்பிக்காமல் விட்டால் கைவிலங்கு விழுவது தொழிலாளிக்கு. இந்த ஏற்பாடு அநியாயமானது, மாற்றியே ஆக வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு. உள்துறை அமைச்சும் மனிதவள அமைச்சும் இதில் எடுக்கும் முடிவு பல லட்சம் பேரைப் பாதிக்கிறது. பேராக்கில் அது செம்பனைத் தோட்டத்திலும் ஈப்போ சாப்பாட்டுக் கடையிலும் நேரடியாகத் தெரிகிறது.

இதைப் பேச எங்களுக்கு என்ன உரிமை என்று சிலர் கேட்கிறார்கள். எங்கள் உறுப்பினர்களில் பெரும்பாலோர் சுங்கை சிப்புட், பீடோர், சுங்காய், தெலுக் இந்தான் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பிறந்தவர்கள். பெர்மிட் என்ன செய்யும் என்பதை எங்கள் வீடுகள் முன்பே பார்த்துவிட்டன. 1968இல் நாடாளுமன்றம் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. குடியுரிமை இல்லாதவரை வேலைக்கு வைக்க பெர்மிட் வேண்டும் என்றது சட்டம். 1969 மே கலவரத்துக்குப் பிறகு அதை இறுக்கி அமல்படுத்தினார்கள். சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்தவர்கள் ஒரே நாளில் அந்நியர் ஆனார்கள். முப்பது வருடம் பால்மரம் வெட்டியவரும் அந்தப் பட்டியலில் இருந்தார். இங்கேயே லயத்தில் பிறந்து பிறப்புப் பத்திரம் இல்லாமல் போனவரும் இருந்தார்.

ஏறத்தாழ 60,000 தோட்டத் தொழிலாளர்கள் நாட்டைவிட்டுப் போனார்கள். சேமநிதிப் பணத்தை எடுத்துக்கொண்டு, தட்டுமுட்டுச் சாமான்களை மூட்டை கட்டி, பினாங்கிலிருந்து ரஜூலா கப்பலேறி நாகப்பட்டினம் இறங்கினார்கள். அங்கே அவர்களுக்குச் சொந்தம் என்று யாரும் இருந்தார்களா என்று எந்த அதிகாரியும் கேட்கவில்லை. குடியுரிமைக்கு மனுச் செய்யாதது அவர்கள் தவறுதானே என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. பெரட்டுக்கு விடியுமுன் நின்று, மாலை வரை நிரை பார்த்தவருக்கு யார் பாரம் நிரப்பிக் கொடுத்தார்கள்? கிராணி சொன்னால் உண்டு, இல்லையென்றால் இல்லை. பாரத்தை நிரப்பும் கை வேறு, அதன் விளைவைச் சுமக்கும் முதுகு வேறு என்ற நிலை அன்றே இருந்தது. இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது.

இன்றைய நடைமுறையைப் பாருங்கள். வேலைச் சட்டத்தின் 60கே பிரிவின்படி, 2023 ஜனவரி முதல் அந்நியத் தொழிலாளியை அமர்த்துமுன் தொழிலாளர் இலாகா தலைமை இயக்குநரின் ஒப்புதல் பெற வேண்டும். அதன் பிறகு கோட்டா, லெவி, ஃபோமேமா மருத்துவப் பரிசோதனை, சொக்சோ, கடைசியாகக் குடிநுழைவுத் துறையின் தற்காலிக வேலை வருகை பாஸ். தீபகற்பத்தில் தோட்டம், விவசாயத் தொழிலாளிக்கு வருடம் 640 ரிங்கிட் லெவி. தொழிற்சாலை, கட்டுமானம், சேவைத் துறை என்றால் 1,850. 2018 முதல் லெவியை முதலாளியே ஏற்க வேண்டும் என்பது விதி. இந்த வரிசையில் ஒரு இடத்தில்கூடத் தொழிலாளி மனுதாரர் இல்லை. தன் பெயரில் நடக்கும் காரியம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கவுண்டரில் கேட்டாலும், முதலாளியை வரச் சொல் என்பதே பதில்.

எங்களிடம் திரும்பத் திரும்ப வரும் கதை ஒன்று உண்டு. ராமநாதபுரம் பக்கத்து இளைஞர், கிந்தா பள்ளத்தாக்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ரொட்டி போடுகிறார். கடப்பிதழ் கல்லாப் பெட்டியில். பாஸ் முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே முதலாளியிடம் கேட்கிறார். "ஏஜெண்டுகிட்ட குடுத்தாச்சு தம்பி, வந்துரும்" என்கிறார் முதலாளி. மறுமாதமும் அதே பதில். தேதி தாண்டுகிறது. ஒருநாள் சோதனை நடக்கிறது. முதலாளி வெளியே, தம்பி லங்காப் தடுப்பு முகாமில். குடிநுழைவுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு காலம் கடந்து தங்கியவருக்கு 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதமோ, ஐந்து வருடம் வரை சிறையோ, இரண்டுமோ என்கிறது. பாஸ் இல்லாதவரை வைத்திருக்கும் முதலாளிக்கும் அதே சட்டத்தில் கடும் தண்டனை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் முதலாளி ஜாமீனில் வீடு திரும்புவார், வழக்கறிஞர் வைப்பார். தம்பியின் கைப்பேசியில் ஊருக்குப் பேச ரிலோட்கூட இருக்காது.

இதைவிடக் கொடுமையானது "ஓடிவிட்டார்" என்ற புகார். சம்பளம் வரவில்லை என்று தொழிலாளி கேட்கிறார், அல்லது அடி தாங்காமல் வெளியேறுகிறார். முதலாளி குடிநுழைவில் ஒரு அறிக்கை கொடுத்தால் பாஸ் ரத்தாகிறது. தொழிலாளியை யாரும் கூப்பிட்டு விசாரிப்பதில்லை. ஒப்பந்தக் கூலி காலத்தில் தோட்டத்தை விட்டுப் போவதே குற்றம், பிடித்துச் சிறையில் போடலாம். அந்த முறையை 1910இல் வெள்ளைக்கார அரசாங்கமே நிறுத்தியது. சுதந்திர நாட்டில் அதன் சாயல் எதற்கு?

சரி, உள்ளூர் பிள்ளைகளின் நிலை என்ன? இந்தக் கேள்வி எங்கள் கூட்டங்களிலேயே சூடாக எழுகிறது. புந்தோங்கிலும் சுங்கை சிப்புட்டிலும் வேலை தேடும் நம் பிள்ளைகள் இருக்கும்போது, வெளியூர்க்காரனுக்காகப் பேச வேண்டுமா என்கிறார்கள். தோட்டம் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயத்தைக் காலி செய்யச் சொன்னபோது எங்கள் குடும்பங்கள் பட்டது கொஞ்சமல்ல. அந்தக் கோபத்தை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் அது போக வேண்டிய இடம் வேறு. வேலையை விட்டு நகர முடியாத ஆளை வைத்திருப்பது முதலாளிக்கு மலிவு. பன்னிரண்டு மணி நேரம் நிற்கச் சொல்லலாம், ஓய்வுநாள் இல்லை என்று சொல்லலாம், எதிர்த்துப் பேசினால் பாஸை ரத்துச் செய்வேன் என்று மிரட்டலாம். அப்படிப்பட்ட ஆள் கிடைக்கும்போது, சட்டப்படி 1,700 ரிங்கிட் குறைந்தபட்ச சம்பளமும் மிகைநேரப் பணமும் கேட்கும் உள்ளூர் இளைஞரை யார் எடுப்பார்கள்? அந்தக் கட்டை அவிழ்த்தால் அந்நியத் தொழிலாளியும் நியாயமான சம்பளம் கேட்பார். அப்போதுதான் நம் பிள்ளைக்கும் அதே வாசல் திறக்கும்.

ஏஜெண்டுகள் விஷயத்தில் எங்கள் கருத்து கடுமையானது. 1907இல் தமிழ்க் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டது. தோட்ட முதலாளிகளிடம் வசூலித்து, அந்தப் பணத்தில்தான் ஆட்களைக் கப்பலேற்றினார்கள். தோட்டத்தில் பட்ட துன்பம் வேறு கணக்கு; வந்து இறங்கியவர் தலையில் பயணக் கடன் இருக்கக் கூடாது என்ற அளவுக்காவது காலனி அரசாங்கம் யோசித்தது. இன்று வங்காளதேசத்திலிருந்து வருபவர் நிலத்தை விற்று, வட்டிக்கு வாங்கி, இரண்டு நாட்டு ஏஜெண்டுகளுக்கும் கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறுகிறார். 2012இல் வங்காளதேசத்தோடு அரசாங்கத்துக்கு அரசாங்கம் என்ற முறையில் ஆள் எடுத்தபோது செலவு வெகுவாகக் குறைந்தது. வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான் என்பதும் உண்மை. ஆனாலும் ஏஜெண்டு இல்லாமல் ஆள் வரமுடியும் என்று அது காட்டியது. அந்த வழியைச் செம்மைப்படுத்தாமல் கைவிட்டது தவறு.

அவசர முடிவுகளின் விலையையும் பார்த்துவிட்டோம். 2023 மார்ச்சில் புதிய கோட்டா நிறுத்தப்பட்டது. ஏற்கெனவே ஒப்புதல் பெற்றவர்கள் 2024 மே 31க்குள் நாட்டுக்குள் வந்துவிட வேண்டும் என்று கெடு வைத்தார்கள். பணம் கட்டியும் விமானம் கிடைக்காமல் வங்காளதேசத்தில் மட்டும் 17,000 பேர் அளவில் நின்றுபோனார்கள். வந்தவர்களில் பலருக்கு வேலையே இல்லை. அதற்கு முன்பே, 2023 டிசம்பரில், ஜொகூர் பெங்கெராங்கில் வாக்களித்த வேலை தரப்படவில்லை என்று போலீசில் புகார் கொடுக்க நடந்துபோன 171 வங்காளதேசிகள் கைது செய்யப்பட்டார்கள். புகார் கொடுக்கப் போனவரைக் கைது செய்யும் நாட்டில் யார் புகார் கொடுப்பார்கள்?

நம் சமூகத் தொழில்களையும் மறைக்காமல் பேசுவோம். முடிதிருத்தகம், ஜவுளி, நகைத் தொழில் மூன்றுக்கும் 2009 முதல் புதிய ஆள் எடுக்கத் தடை இருந்தது. ஈப்போ லிட்டில் இந்தியாவில் ஆளில்லாமல் காலியாகக் கிடந்த முடிதிருத்தும் நாற்காலிகளை எல்லோரும் பார்த்தோம். 2023 ஜூலையில், பத்து காஜா நாடாளுமன்ற உறுப்பினர் வ.சிவகுமார் மனிதவள அமைச்சராக இருந்தபோது, இந்த மூன்று துறைகளுக்கும் 7,500 பேருக்கு ஒப்புதல் கிடைத்தது. அதை வரவேற்றோம், இன்றும் வரவேற்கிறோம். நம் கடைகள் மூடக் கூடாது. ஆனால் தமிழ் முதலாளி, தமிழ்த் தொழிலாளி என்பதால் எல்லாம் சுமுகம் என்று நாங்கள் நடிக்கத் தயாராக இல்லை.

ஆகவே அரசாங்கத்திடம் நாங்கள் கேட்பது: பாஸ் முதலாளியின் தவறால் முடிந்துபோனால் அதைத் தொழிலாளியின் குற்றமாக எடுக்கக் கூடாது, அதே துறையில் வேறு முதலாளியைத் தேட அவருக்குக் குறைந்தது 90 நாள் தர வேண்டும். "ஓடிவிட்டார்" புகார் வந்தால், தொழிலாளர் இலாகா இரு தரப்பையும் விசாரித்து முடிக்கும்வரை பாஸை ரத்துச் செய்யக் கூடாது. சம்பள வழக்குப் போட்டவருக்குத் தரும் சிறப்பு பாஸ் இப்போது மாதம் 100 ரிங்கிட் வாங்கிக்கொண்டு வேலை செய்யவும் விடுவதில்லை. சாப்பிட வழியில்லாமல் யாரும் வழக்கு நடத்த முடியாது. அந்தப் பாஸ் இலவசமாகவும் வேலை செய்யும் அனுமதியோடும் இருக்க வேண்டும். மனுவின் நிலையைத் தொழிலாளியே தன் கடப்பிதழ் எண்ணைக் கொண்டு, தன் மொழியில் பார்க்க முடிய வேண்டும். ஈப்போ தொழிலாளர் இலாகாவில் தமிழ், வங்காளம், நேப்பாளி, மியன்மார் மொழி பேசுவோர் இருக்க வேண்டும். அரைகுறை மலாயில் அடிபட்ட கதையைச் சொல்லி, அது பாதியாகப் பதிவாகி, வழக்கு தள்ளுபடியானதை நேரில் பார்த்திருக்கிறோம்.

இத்தோடு இன்னொன்றும் உண்டு. 1969இன் மிச்சம் இன்னமும் தீரவில்லை. சிவப்பு கார்டோடு முதுமையடைந்த பாட்டிகள் பழைய தோட்டக் குடியிருப்புகளில் இன்றும் இருக்கிறார்கள். 2017இல் வெளியான மலேசிய இந்தியர் பெருந்திட்டம் ஆவணச் சிக்கல்களைத் தீர்ப்பதாகச் சொன்னது. எஞ்சியவர்களின் மனுக்களை மாநிலப் பதிவிலாகா வீட்டுக்கே சென்று முடித்துத் தர வேண்டும்.

கடைசியாக, எங்கள் உறுப்பினர்களாகவும் நன்கொடையாளர்களாகவும் இருக்கும் முதலாளிகளுக்கு. அடுத்தவர் கடப்பிதழை வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். பாதுகாப்புக்காக வைத்திருக்கிறேன் என்பது பதிலாகாது. உங்கள் கல்லாவில், அலமாரியில் இருப்பதை எடுத்து இந்த மாதத்துக்குள் அவரவர் கையில் கொடுங்கள். பாஸ் முடிய மூன்று மாதம் இருக்கும்போதே புதுப்பிக்கும் வேலையைத் தொடங்குங்கள், ரசீதைத் தொழிலாளிக்குக் காட்டுங்கள். பாரம் நிரப்ப உதவி வேண்டுமென்றால் எங்கள் தொண்டர்கள் காசு வாங்காமல் செய்து தருவார்கள். திருப்பித் தர மறுக்கும் கடைகளின் தொழிலாளர்களோடு நாங்களே தொழிலாளர் இலாகாவுக்குப் போவோம்; அந்தக் கடையின் நன்கொடையை இனிமேல் வாங்கவும் மாட்டோம்.