பால் தெளிக்க ஆளில்லாத குழிகள்

இறந்த திதி தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசையில் எள்ளும் தண்ணீரும் விடுவது வழக்கம். சித்தூர்–வேலூர் சாலையிலுள்ள குடிபாலா வட்டாரத்தில் அப்படித் திதி தெரியாமல் போனவர்களுக்கு ஒரு வரலாறே உண்டு. 1911இல் சித்தூர் மாவட்டம் பிரிகிற வரை இப்பகுதி வட ஆற்காட்டில் இருந்தது. கங்காணியின் பேச்சை நம்பி மலாயா ரப்பர் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்களில் வட ஆற்காட்டுக்காரர்கள் ஏராளம்.

அவர்களில் பலரின் கதை தோட்டத்தோடு முடியவில்லை. மலாயாவைப் பிடித்த ஜப்பானியப் படை, 1942இல் சயாம்–பர்மா ரயில் பாதையைத் தொடங்கியது. பான் போங்கிலிருந்து தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர். தோட்டத் தொழிலாளர்களுக்கு நல்ல கூலி, மூன்று மாத வேலை என்று ஆசை காட்டினார்கள். இலவச சினிமா என்று கூட்டிக் கதவை அடைத்தார்கள் என்றும் தப்பி வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பெண்டு பிள்ளைகளோடு போன குடும்பங்களும் உண்டு.

1943 மழைக்காலத்தில் காலரா பரவியது. அதே பாதையில் வேலை வாங்கப்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகளின் முகாம்களில் அவர்களோடு பிடிபட்ட மருத்துவர்கள் இருந்தார்கள், பெயர்ப் பட்டியல் இருந்தது. கூலிகளின் பெரும்பாலான கொட்டகைகளில் இரண்டும் இல்லை. குழி வெட்டினார்கள், தள்ளினார்கள், மூடினார்கள். மறுநாள் பால் தெளிக்க வேண்டிய மகனும் அதே கொட்டகையில் பேதியாகிக் கிடந்தான். ஆசியத் தொழிலாளர்களில் சுமார் 90,000 பேர் மாண்டதாக மதிப்பிடுகிறார்கள். போர்க்கைதிகளில் 12,000க்கு மேல்.

போர் முடிந்ததும் 1945 செப்டம்பர், அக்டோபரில் ஒரு குழு பாதை நெடுகப் போய், கைதிகளின் 144 இடுகாடுகளையும் 10,549 கல்லறைகளையும் தேடியது. 52 மட்டுமே அகப்படவில்லை. இன்று தாய்லாந்தின் காஞ்சனபுரி போர்க் கல்லறைத் தோட்டத்தில் வெட்டிவிட்ட புல்லுக்கு நடுவே 6,982 பேருக்கு இடம் இருக்கிறது. அந்தப் பராமரிப்பைக் குறை சொல்ல எதுவுமில்லை. பக்கத்துக் குழியில் கிடந்த தமிழரையும் தெலுங்கரையும் யாரும் தேடவில்லை என்பதுதான் வயிற்றை எரிக்கிறது.

1984இல் கவோ லேம் அணை எழும்பி, பாதை சென்ற மேல் குவாய் ஆற்றுப் பகுதியின் பழைய முகாம்களைத் தண்ணீரில் மூழ்கடித்தது. 1990இல் காஞ்சனபுரியில் ஒரு கரும்புத் தோட்டத்தைத் தோண்டியபோது எலும்புக்கூடுகள் குவியலாக வந்தன. எந்த எலும்பு யாருடையது என்று சொல்ல ஒரு தாள்கூட இல்லை.

மலேசியத் தமிழர்களின் விடாமுயற்சியாலும் தமிழ்நாடு அரசின் உதவியாலும் 2023இல் அங்கே ஒரு நடுகல் நின்றது. நல்ல காரியம். நடுகல்லில் பெயரும் ஊரும் பொறிப்பது நம் பழைய முறை. இந்தக் கல்லுக்கு அந்தப் பெயர்கள் வேண்டும். ஆந்திரமும் தமிழ்நாடும் சேர்ந்து வட்ட அலுவலகங்களில் ஒரு பதிவேடு திறக்கட்டும்: மலாயா போய்த் திரும்பாதவர் பெயர், ஊர், கடைசியாகக் கடிதம் வந்த தோட்டம். ஜப்பானிடமும் மலேசியாவிடமும் எஞ்சியிருக்கும் ஆவணங்களைத் தில்லி கேட்டு வாங்கட்டும். அந்தக் கடிதங்களைப் படித்துக் காட்டக் கேட்ட பிள்ளைகளுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது.