இதெல்லாம் தேவையா?

காலை நடை முடிந்ததும் வாய்க்கால் பாலத்துத் திட்டில் நாங்கள் நாலைந்து பேர் உட்காருவது வழக்கம். எல்லோரும் பென்ஷன்காரர்கள். ஆளுக்கொரு தீர்ப்பு எப்போதும் கைவசம் இருக்கும். போன வாரம் அந்தத் தீர்ப்பு என் மகன் மேல் விழுந்தது.

"ஏனுங்க, உங்க பையனும் மருமகளும் மலைமேல டென்ட் போட்டு உக்காந்திருக்கிற போட்டோவை என்ற பேத்தி காட்டுனா. கலியாணமாகி ரெண்டு வருசமாச்சு. ஒரு விசேசமும் காணோம், ஒரு சைட்டு வாங்குனதாவும் தெரியல. இதெல்லாம் தேவைங்களா?"

மற்றவர்கள் தலையாட்டினார்கள். நான் சிரித்து மழுப்பிவிட்டு எழுந்து வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் சொல்லியிருக்க வேண்டிய பதிலெல்லாம் வரிசையாக வந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். நண்பர் இதைப் படிப்பார் என்று தெரியும். படிக்கட்டும்.

என் மனைவிக்குக் கண்புரை அறுவை சிகிச்சை. ஒரு கண்ணுக்கும் மறு கண்ணுக்கும் இடைவெளி விட்டுச் செய்தார்கள். அதனால் 2025 கோடையில் ஏப்ரல், மே இரண்டு மாதமும் கோவையில் மகன் வீட்டில்தான் இருந்தோம். ஆகவே நான் போட்டோ பார்த்துப் பேசவில்லை. கூடவே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் மலை. நம் ஊர்க்காரர்கள் மலை ஏறாதவர்களா? நானே வெள்ளியங்கிரிக்கு மூன்று முறை போயிருக்கிறேன். ஆபீஸ் சிநேகிதர்களோடு, கையில் மூங்கில் தடி, தோளில் புளிசாதப் பொட்டலம், ராத்திரியோடு ராத்திரியாக ஏழு மலை. கடைசி மலையில் பல் கிடுகிடுக்கும் குளிர். இறங்கி வந்தால் ஒரு வாரத்துக்கு மாடிப்படி ஏற முடியாது. சதுரகிரி, பர்வதமலை என்று ஏறிக்கொண்டே இருக்கிற ஆட்களை எனக்குத் தெரியும். 2024 பருவத்தில் வெள்ளியங்கிரி ஏறியவர்களில் சிலர் உயிரோடு திரும்பவில்லை. அப்போது நம் திட்டில் யாராவது "இதெல்லாம் தேவையா" என்று கேட்டோமா? "புண்ணிய ஆத்மா" என்றோம். நேர்த்திக்கடன் என்று ஏறினால் பக்தி. பெண்டாட்டியோடு சந்தோஷமாக ஏறினால் திமிர். இந்தக் கணக்கு எனக்குப் புரியவில்லை. நேர்த்திக்கடனை நான் குறை சொல்லவில்லை. நானும் ஏறியவன்தான். ஆனால் மேலே போய்ச் சேர்ந்து, மேகம் காலடியில் போவதைப் பார்த்தபோது எனக்கு உண்டானது வெறும் பக்தி மட்டும்தான் என்று சாமி சத்தியமாகச் சொல்ல முடியாது.

அடுத்து ஆபத்து. இதில் எனக்கே ஒரு பழைய பாக்கி இருக்கிறது. 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ பிடித்தது. நடைபயணம் போன இளைஞர்கள் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் பெண்கள் அதிகம், புதிதாகக் கல்யாணமானவர்களும் இருந்தார்கள். அன்று இதே திட்டில் உட்கார்ந்து நானும் சொன்னேன்: "இந்த வயசில் இவங்களுக்கு இதெல்லாம் தேவையா?" உடம்பு வெந்து கிடந்த பிள்ளைகளைப் பார்த்து அப்படிச் சொன்ன நாக்கு இது. மார்ச் மாதம் புல் காய்ந்து கிடக்கும் சரிவில் அவர்களை ஏற்றிக்கொண்டு போனது யார், தடுக்க வேண்டியவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. செத்தவர்களைக் குற்றவாளியாக்குவது நமக்குச் சுலபமாக இருந்தது.

அந்தத் தீ இன்றைய பிள்ளைகளுக்கு ஏதோ சொல்லிக் கொடுத்திருக்கிறது. அரசாங்கமும் அதே ஆண்டு மலையேற்றத்துக்கு விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளைத் திறந்து, இணையத்தில் பதிவு செய்தால் உள்ளூர் வழிகாட்டியோடு அனுப்புகிறது. வழிகாட்டிகளில் பலர் அந்தந்த மலையின் பழங்குடிப் பிள்ளைகள். காட்டுத்தீ பருவத்தில் பாதைகளை மூடிவிடுகிறார்கள். 2025-இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடியிருந்தது. "குறுக்கு வழியில் யாரையாவது பிடித்துப் போகலாமே" என்று நான் சும்மா நூல் விட்டுப் பார்த்தேன். மருமகள் சட்டென்று, "காஞ்ச காட்டுக்குள்ள போகக் கூடாதுங்க மாமா" என்றாள். வாயை மூடிக்கொண்டேன்.

பாதை திறந்த பிறகு கோத்தகிரி போனார்கள். ஒரு சிநேகிதருடைய தேயிலைத் தோட்டத்தில், அவர் அனுமதியோடு, வீட்டு முற்றத்தை ஒட்டிக் கூடாரம். மறுநாள் காலையில் வழிகாட்டியோடு லாங்வுட் சோலைக்குள் நடை. சுற்றுவட்டார ஊர்களுக்குத் தண்ணீர் தருகிற சோலை அது. நீலகிரி போகிற வண்டிக்கு இப்போது இ-பாஸ் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்; 2024 மே மாதம் உயர்நீதிமன்ற உத்தரவால் வந்தது. அதையும் எடுத்துக்கொண்டுதான் போனார்கள். மே முதல் வாரம் மூணாறு வழியாக மீசைப்புலிமலை. உயரம் 2,640 மீட்டர், ஆனைமுடிக்கு அடுத்தது. அங்கே கேரள வனவளர்ச்சிக் கழகமே அடிவாரத்தில் கூடாரம் போட்டுக் கொடுக்கிறது. நெருப்பு மூட்டவில்லை, பாட்டுப் பெட்டி கிடையாது. போகும்போது எடுத்துப் போன கைப்பையில் வரும்போது குப்பை இருந்தது. ஆரஞ்சுத் தோலைக்கூடத் திரும்பக் கொண்டுவந்து என் கண்முன்னே வீட்டுக் குப்பைத் தொட்டியில் போட்டார்கள். காட்டில் பாட்டில் உடைத்துவிட்டு வருகிற கூட்டமும் உண்டு, மறுக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் நம் வயதுக்காரர்களும் இருக்கிறார்கள் என்பதைத் திட்டு நண்பர்களுக்கு ஞாபகப்படுத்துகிறேன்.

செலவைப் பற்றியும் ஒருவர் முனகினார். கூடாரம் 3,500 ரூபாய். போன மாதம் அவர் தன் பேரன் காதுகுத்துக்கு மண்டபம் பிடித்து, ஆர்க்கெஸ்ட்ரா வைத்து, இலைக்கு இருபது வகை போட்டார். பாதி இலையில் பாதி சாப்பாடு மிச்சம். நானும் போய்ச் சாப்பிட்டு மொய் எழுதிவிட்டுத்தான் வந்தேன். ஆகவே அதைப் பற்றி மேலே பேச எனக்கு யோக்கியதை இல்லை.

சரி, வீட்டு வாழ்க்கைக்கு வருகிறேன். உண்மையில் நான் சொல்ல நினைத்தது இதுதான். "ஊர் சுற்றுகிறவர்களுக்குக் குடும்பம் எங்கே நடக்கும்" என்பது நம் ஆட்களின் முடிவு. அந்த இரண்டு மாதத்தில் அவர்கள் வெளியே தங்கியது மொத்தம் ஐந்து ராத்திரி. மீதி நாளெல்லாம் வீடு, வேலை, வீடுதான். மகன் காலையில் எழுந்து பால் காய்ச்சிக் காபி போடுகிறான். மருமகள் தோசை ஊற்றினால் இவன் சட்னி அரைக்கிறான். சாயங்காலம் யார் முதலில் வருகிறார்களோ அவர்கள் குக்கர் வைக்கிறார்கள். என் மனைவிக்கு வேளாவேளைக்குக் கண் சொட்டு மருந்து விட்டது அவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் மொட்டை மாடியில் பழைய வேட்டி விரித்து வடகம் பிழிந்தார்கள். அவன் அச்சைப் பிடித்து அழுத்த, கூழ் பக்கவாட்டில் பீறிட்டு அவள் முகத்தில் தெறித்தது. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் எதிர் மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்த அம்மாள் எட்டிப் பார்த்தார். கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்த என் மனைவி அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் வீட்டில் 45 வருடமாக வடகம் பிழியப்படுகிறது. அந்த அச்சை நான் ஒரு நாளும் கையில் தொட்டதில்லை.

1979-இல் எங்களுக்குக் கல்யாணம். எனக்குத் தொலைபேசி இலாகாவில் வேலை, எல்.டி.சி. உண்டு. குடும்பத்தோடு ஊர் பார்க்க சர்க்காரே டிக்கெட் காசு கொடுத்தது. 1981 கோடையில் அவள் ஒரே ஒரு தடவை கேட்டாள்: "மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மலை ரயில் போகுதாமுங்க, ஒருக்கா போயிட்டு வரலாமுங்களா?" தங்கச்சி கல்யாணம் முன்னால் நிற்கிறது, சீட்டுக்குப் பணம் கட்ட வேண்டும். அந்தக் காரணங்கள் எல்லாம் நிஜம்தான். ஆனால் நான் காரணம் எதுவும் சொல்லவில்லை. "இதெல்லாம் தேவையா?" என்று மட்டும் சொன்னேன். அவள் மறுபடி கேட்கவே இல்லை. நான் வெள்ளியங்கிரி போன மூன்று முறையும் விடிய விடியப் புளிசாதம் கிளறிக் கட்டிக் கொடுத்தவள் அவள். கடன் எல்லாம் அடைந்து, வீடு கட்டி, கையில் நாலு காசு சேர்ந்தபோது அவளுக்கு முழங்கால் போய்விட்டது.

சைட் வாங்கவில்லை என்று குறைப்படுகிற நண்பருக்கு: வாங்கியவன் நான். விசேஷம் பற்றி: அது அவர்கள் இரண்டு பேர் விஷயம். திட்டில் வைத்துப் பேச நாம் யார்? இருபத்தெட்டு வயதில் உடம்பு ஒத்துழைக்கிறபோது ஒரு பெண்ணும் ஆணும் சேர்ந்து மலை ஏறுவதற்கு யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

மே கடைசி வாரத்தில் இன்னொரு நடைக்குத் திட்டம் வைத்திருந்தார்கள். பருவமழை கேரளத்தில் மே 24-ஆம் தேதியே இறங்கிவிட்டது, மலையில் கனமழை. ஒரு பேச்சு இல்லாமல் பயணத்தை ரத்து செய்தார்கள். அன்று சாயங்காலம் மகன் அந்தக் கூடாரத்தை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனான். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பிய்த்து எறிந்தது. முளை அடிக்க மாடியில் மண் ஏது? நாலு மூலைக்கும் நாலு தண்ணீர்க் குடம் வைத்துக் கட்டினான். மருமகள் என் மனைவியைக் கைப்பிடித்து மெதுவாக மாடியேற்றிக் கூட்டி வந்தாள். குனிந்து உள்ளே போக அவளால் முடியாது. வாசல் துணியைச் சுருட்டிக் கட்டி, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை உள்ளே தள்ளி, பின்பக்கமாக உட்காரவைத்து இழுத்தார்கள். கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"அத்தை, எப்படிங்க இருக்கு?"

"காத்து நல்லா வருது, கண்ணு" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "நீங்களும் வாங்க, எடமிருக்குது" என்றாள். போய் உட்கார்ந்தேன். அப்புறம் என்னை வெளியே இழுக்கத்தான் இரண்டு பேர் வேண்டியிருந்தது.