விதைநெல்லை எங்கே வைப்பது?

உப்புப் போத்தல் அடுப்புக்குப் பக்கத்தில இருக்கும். அரிசி மூடை உள்ளறையில. விதைநெல் எப்பவாவதுதான் வெளியில வரும். ஆனால் அதைக் காயவைச்சு, ஈரம் படாமல், எலி அண்டாமல் வைக்கிற கவனம் வேறெதுக்கும் இல்லை. தரவுகளைச் சேமிக்கிற கலையும் இதேதான். நாங்களோ விதைநெல்லைத்தான் கவனிக்காமல் விடுகிறோம்.

போன் நிரம்பினதும் என்ன செய்கிறோம்? பழைய வீடியோக்களை ஒரு பென் டிரைவில போட்டு லாச்சிக்குள்ள எறிகிறோம். அதுக்குள்ளதான் அம்மம்மா சொன்ன இடப்பெயர்வுக் கதையும் இருக்கும். 'அடிக்கடி பார்க்கிறதில்லைத்தானே' என்பது எங்கட நியாயம்.

இங்கே இரண்டு கேள்விகள் குழம்பிப் போகின்றன. எவ்வளவு அடிக்கடி எடுக்கிறோம் என்பது வேகத்தைத் தீர்மானிக்கட்டும். இழந்தால் திரும்பக் கிடைக்குமா என்பதுதான் எத்தனை பிரதி வேண்டும் என்பதைத் தீர்மானிக்க வேண்டும்.

தினமும் வேலை செய்கிற கோப்புகளுக்கு எஸ்எஸ்டி நல்லது. அதை வாங்கி நிரப்பி அலுமாரியில் பூட்டி வைப்பதுதான் பிழை. எஸ்எஸ்டியும் பென் டிரைவும் தரவை மின்னேற்றமாகத்தான் பிடித்து வைத்திருக்கின்றன. மின்சாரம் இல்லாமல் கிடந்தால் அது மெல்ல மெல்லக் கசியும். பாவித்துத் தேய்ந்ததும் வெக்கையில் கிடப்பதும் இன்னும் கெதியாக இழக்கும். மாதத்துக்கு ஒருக்கா தொடுகிறவற்றுக்கு ஹார்ட் டிஸ்க் போதும்: வேகம் குறைவு, அதே கொள்ளளவுக்கு விலையும் குறைவு. ஆனால் சுழலும் பாகங்கள் கொண்டது, ஒருநாள் நின்றுபோகும்.

தொடவே தொடாதவற்றுக்குப் பெரிய நிறுவனங்கள் இன்றைக்கும் காந்த நாடாவைத்தான் நம்புகின்றன. எல்டிஓ-9 வகை நாடா ஒன்றில் 18 டெராபைட் கொள்ளும். 2011இல் ஒரு மென்பொருள் வழுவால் ஆயிரக்கணக்கான ஜிமெயில் கணக்குகள் வெறுமையாகின. கூகுள் அந்த மின்னஞ்சல்களை மீட்டது நாடாவிலிருந்துதான். மீட்க நேரம் எடுத்தது, ஆனால் மீண்டது.

நாடா இயந்திரம் எங்கட காசுக்குக் கட்டாது. அதன் பாடம் கட்டும்: மெதுவாகக் கிடைத்தாலும் பரவாயில்லை, இன்னொரு பிரதி வேறோரிடத்தில் இருக்க வேணும்.

இதை எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. அச்சு நூல்கள் சிலவற்றை வேறெங்காவது தேடிப்பிடிக்கலாம். ஒரே பிரதியாக இருந்த ஓலைச்சுவடிகளை எங்கே தேடுவது? அவற்றைத் தினமும் எத்தனை பேர் புரட்டினார்கள் என்று எவரும் கேட்பதில்லை.

ஆகவே லாச்சியைத் திறவுங்கோ. திரும்ப எடுக்கவே முடியாத ஒலிப்பதிவுகள், படங்கள், கடிதங்களை மட்டும் பிரியுங்கோ. ஒன்று ஹார்ட் டிஸ்கில், ஒன்று இணையச் சேமிப்பில், ஒன்று வேறு ஊரில இருக்கிற சொந்தக்காரர் வீட்டில. வருசத்துக்கு ஒருக்காவாவது திறந்து, இன்னும் வேலை செய்யுதா என்று பாருங்கோ. மற்றதெல்லாம் பிறகு.