தலையணைக்குள் ஒரு வேதபுத்தகம்

கடவுளோடு நமக்கு இருப்பது பெரும்பாலும் கொடுக்கல் வாங்கல் உறவுதான். சும்மா சொல்லக்கூடாது, இந்த விஷயத்தில் மதபேதமே கிடையாது. பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய், பழநிக்கு மொட்டை, வேளாங்கண்ணிக்கு ஆளுயர மெழுகுவத்தி. 'முதல்ல வேலையை முடிச்சுக் குடு சாமி, அப்புறம் பில்லை செட்டில் பண்றேன்' என்கிற கணக்கு. அட்வான்ஸ்கூட கிடையாது!

வேலை முடிந்தால் சந்தோஷம். புரமோஷன் வந்தால் 'அவர் கைவிடலை' என்கிறோம். வீட்டு லோன் சாங்ஷன் ஆனால் 'எல்லாம் அவன் செயல்'. சரி, ஆகாவிட்டால்? ஆகாததோடு நிற்காமல், இருப்பதும் போய்விட்டால்? அப்போதும் ஒருத்தன் கைகூப்பி நிற்கிறான் என்றால், அவனுக்கு விவரம் போதாதா, அல்லது நமக்குத்தான் ஏதோ விளங்கவில்லையா?

இந்தக் கேள்வியை எனக்குள் போட்டவர் எங்கள் ஆபீஸ் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் அண்ணாச்சி. பாளையங்கோட்டைக்காரர். ஞாயிற்றுக்கிழமை மழை பெய்தாலும் புயல் அடித்தாலும் சர்ச் தவறாதவர். அவருக்கு ஒரே மகன். கிட்னி பாதித்து இரண்டு வருஷம் டயாலிசிஸ். அண்ணாச்சி உபவாசம் இருந்தார், ஜெபித்தார், சபையே கூடி ஜெபித்தது. இருபத்துநாலு வயசில் பையன் போய்ச் சேர்ந்துவிட்டான்.

துக்கம் கேட்க வந்தவர்களில் சிலர் ஆறுதலை விட்டுவிட்டு ஆடிட் பண்ண ஆரம்பித்தார்கள். "ஜெபத்துல விசுவாசம் பத்தலையோ?" என்றார் ஒருத்தர். "வீட்டுல ஏதாவது பாவம் மறைஞ்சு கிடக்கா பாருங்க" என்றார் இன்னொருவர். அண்ணாச்சி எல்லாருக்கும் காபி கொடுத்து அனுப்பினார்.

இரண்டு மாதம் கழித்து, கான்டீனில் தனியாக மாட்டினார். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"இன்னமும் எப்படி அண்ணாச்சி சர்ச்சுக்குப் போறீங்க? கோபம் வரலையா?"

"வராம இருக்குமா தம்பி? நல்லாவே வருது" என்றார் டீயை ஆற்றியபடி. "ஜட்சன்னு ஒருத்தரைக் கேள்விப்பட்டிருக்கியளா?"

"ஏதாவது மருந்துக் கம்பெனியா?"

சிரித்துவிட்டார். அந்த இரண்டு மாதத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "தேடிப் படியும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

படித்தேன். சொல்கிறேன், கேளுங்கள்.

அடோனிராம் ஜட்சன். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் 1788-ல் பிறந்தவர். அப்பா போதகர். பையன் படிப்பில் சூரப்புலி, காலேஜில் முதல் மாணவன். அங்கே வாய்த்த சிநேகிதன் ஒருத்தன், 'கடவுள் உலகத்தைச் செய்ததோடு சரி, அப்புறம் யார் ஜெபத்தையும் கேட்பதில்லை' என்கிற கட்சி. ஜட்சனும் அந்தக் கட்சியில் மெம்பர் ஆகிவிட்டார்.

பிறகு ஒருநாள் பயணத்தில் ஒரு சத்திரத்தில் தங்கினார். ராத்திரி முழுக்கப் பக்கத்து அறையில் யாரோ சாகக் கிடக்கிற முனகல். தூக்கம் போயிற்று. காலையில் விசாரித்தால், ஆள் இறந்துவிட்டான். பெயரைக் கேட்டார். அதே சிநேகிதன்! ஜட்சனின் வாழ்க்கை வரலாறுகளில் இந்தச் சம்பவம் தவறாமல் வரும். அந்த அதிர்ச்சியில் திரும்பியவர்தான். மிஷனரியாகப் போவதென்று முடிவு கட்டிவிட்டார்.

1812 பிப்ரவரி 5-ம் தேதி ஆன் என்ற பெண்ணோடு கல்யாணம். 19-ம் தேதி கப்பல். நம்ம ஊரில் மறுவீட்டு விருந்துகூட முடிந்திருக்காது! கல்கத்தா வந்து இறங்கினால், கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் 'இடத்தைக் காலி பண்ணு' என்று உத்தரவு போட்டார்கள். மொரீஷியஸ் போனார்கள். அங்கிருந்து 1813 ஜூனில் நம்ம மெட்ராஸ். இங்கே தங்கினாலும் கம்பெனி பிடித்து நாடு கடத்திவிடும். சட்டென்று கிளம்பக் கிடைத்த கப்பல் ஒன்றே ஒன்று, அதுவும் ரங்கூனுக்கு. 'அந்த ஊருக்கு மட்டும் போயிடாதீங்க' என்று எல்லாரும் எச்சரித்த ஊர். ஏறினார்கள். அந்தப் பயணத்தில்தான் ஆனுக்கு முதல் குழந்தை பிறந்தது. உயிர் இல்லாமல்.

ரங்கூனில் பர்மிய மொழி கற்றுக்கொடுக்க வந்த வாத்தியாருக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. பொருளைக் காட்டிக் காட்டி, பெயரைக் கேட்டுக் கேட்டுப் படித்தார்கள். 1815-ல் ஒரு ஆண் குழந்தை. எட்டு மாதம் நிறைவதற்குள் அதுவும் போயிற்று. பர்மியர் ஒருவருக்கு முதன்முதலில் ஞானஸ்நானம் கொடுத்தது 1819 ஜூன் 27-ம் தேதி. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு வருஷம் ரிசல்ட் பூஜ்யம்! நம்ம ஆபீஸாக இருந்தால் மூன்றாவது மாதமே மேனேஜர் ஏ.சி. ரூமுக்குக் கூப்பிட்டு, தண்ணீர் கிளாஸை நம் பக்கம் நகர்த்தியிருப்பார்.

இதெல்லாம் டிரெயிலர்தான்.

1824-ல் இங்கிலீஷ்காரனுக்கும் பர்மா ராஜாவுக்கும் யுத்தம் வந்தது. தலைநகரான ஆவாவில் இருந்த வெள்ளைக்காரர்கள் எல்லாரும் ஒற்றர்கள் என்று சந்தேகம். அமெரிக்கன் வேறு, இங்கிலீஷ்காரன் வேறு என்பதெல்லாம் யாருக்கு வேண்டும்? ஜூன் 8-ம் தேதி, ஜட்சன் வீட்டுக்கு ஆள் வந்தது. கயிற்றால் கட்டி இழுத்துப் போனார்கள். மரண தண்டனைக் கைதிகளை அடைக்கிற சிறை. காலில் மூன்று ஜோடி விலங்கு. ராத்திரியானால் கால்களுக்கு நடுவில் ஒரு மூங்கிலைச் செருகி மேலே தூக்கிவிடுவார்கள். தோளும் தலையும் மட்டும் தரையில். அப்படித்தான் தூங்க வேண்டும்.

வெளியே ஆன். கர்ப்பிணி. மனுவைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு அதிகாரி வீட்டுப் படியாக ஏறி இறங்கினாள். காவலாளிகளுக்கு லஞ்சம் கொடுத்துப் புருஷனுக்குச் சோறு அனுப்பினாள். ஒருநாள் ஊர் ஞாபகம் வரட்டுமே என்று எருமைக்கறியையும் வாழையையும் வைத்து, அமெரிக்காவில் பண்டிகைக்குச் செய்கிற பலகாரம் மாதிரி ஒன்றைத் தயார் பண்ணி அனுப்பினாள். அதைப் பார்த்ததும் ஜட்சன் முழங்காலில் தலையைக் கவிழ்த்து அழுதுவிட்டார். ஒரு வாய் சாப்பிடவில்லை. பக்கத்துக் கைதியிடம் கொடுத்துவிட்டார். விலங்குக்கு அழாத மனுஷன்!

இதற்கு நடுவில் இன்னொரு கவலை. புதிய ஏற்பாட்டை ஜட்சன் பர்மிய மொழியில் பெயர்த்து முடித்திருந்தார். பத்து வருஷ உழைப்பு. கையெழுத்துப் பிரதி ஒன்றே ஒன்று. ஆன் அதை முதலில் வீட்டடியில் புதைத்து வைத்தாள். மழைக்காலம் வந்தது, மக்கிப் போய்விடுமே என்று பயம். எடுத்து ஒரு தலையணைக்குள் வைத்துத் தைத்துவிட்டாள். எவனும் ஆசைப்படக்கூடாது என்று வேண்டுமென்றே கல் மாதிரி கரடுமுரடாகத் தைத்தாள். சிறையில் ஜட்சன் தலைக்கு வைத்துப் படுத்தது அதைத்தான்.

1825 மே மாதம் கைதிகளை வேறு சிறைக்கு ஓட்டிப் போனார்கள். தலையணையைப் பிடுங்கினார்கள். மேலே சுற்றியிருந்த பாயை மட்டும் உருவிக்கொண்டு, உள்ளே இருந்த உருண்டையை 'இது எதுக்கு?' என்று வீசிவிட்டுப் போனார்கள். அவரிடம் விசுவாசியாக இருந்த பர்மியர் ஒருவர், 'ஐயாவின் ஞாபகமாக இருக்கட்டும்' என்று அதை எடுத்துப் போய் வைத்துக்கொண்டார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. பல மாதம் கழித்துப் பிரித்துப் பார்த்தால், ஒரு பக்கம்கூடச் சேதமில்லை!

மரியா என்ற பெண் குழந்தை பிறந்ததும் அந்தச் சிறைக் காலத்தில்தான். புதிய சிறை இருந்த ஊரில் ஆன் நோயில் விழுந்து பால் வற்றிவிட, காவலாளிகளுக்கு அன்பளிப்பு கொடுத்த பிறகு ஜட்சனை வெளியே விட்டார்கள். விலங்கு மாட்டிய காலோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு, கைக்குழந்தை இருக்கிற பர்மியத் தாய்மார்களிடம் 'கொஞ்சம் பால் கொடுங்கம்மா' என்று வீடு வீடாகக் கேட்டார். ஏறக்குறைய ஒன்றரை வருஷம் கழித்து விடுதலை. சமாதானப் பேச்சுக்கு மொழிபெயர்க்க ஆள் வேண்டுமே!

கதை இங்கேயே முடிந்திருந்தால் அருமையான சாட்சி. மேடையில் சொல்லலாம், கைதட்டல் வாங்கலாம். ஆனால் முடியவில்லை.

1826-ல், மறுபடியும் மொழிபெயர்ப்பு வேலையாக ஜட்சன் ஆவாவுக்குப் போயிருந்தார். கறுப்பு முத்திரை வைத்த கடிதம் வந்தது. நோஞ்சான் குழந்தை மரியாதான் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு பிரித்தார். போயிருந்தது ஆன். அக்டோபர் 24. அடுத்த ஏப்ரலில் மரியாவும் போனாள். இரண்டேகால் வயசு.

சிறையில் உடையாத ஆள் இப்போது உடைந்தார். தனக்குக் கிடைத்த கௌரவ டாக்டர் பட்டம் வேண்டாம் என்றார். காட்டோரமாக ஒரு குடிசை போட்டுக்கொண்டு தனியாகக் கிடந்தார். தனக்கென்று ஒரு குழியைத் தோண்டி, அதன் ஓரத்தில் உட்கார்ந்து உடம்பு மக்குவதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார். ஆன் இறந்து மூன்று வருஷமான சமயத்தில் அவர் எழுதிய கடிதத்தின் சாரம் இது: கடவுளை நம்புகிறேன், ஆனால் அவர் எனக்குத் தட்டுப்படவில்லை.

ஒரு மிஷனரி எழுதிய கடிதம், சார் இது!

எப்படி மீண்டார்? ஆகாயத்திலிருந்து வெளிச்சம் வரவில்லை. குரலும் கேட்கவில்லை. மெதுவாக, வருஷக்கணக்கில் மீண்டார். பாதியில் கிடந்த பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை எடுத்துத் தினம் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தார். 1834 ஜனவரி 31-ம் தேதி முழு பைபிளும் முடிந்தது. மியான்மர் கிறிஸ்தவர்கள் இன்றைக்கும் கையில் வைத்திருப்பது அவர் பெயர்த்த பைபிளைத்தான். 1850-ல் வங்காள விரிகுடாவில், கப்பலிலேயே இறந்தார். கடலில்தான் அடக்கம்.

இதைப் படித்து முடித்த உற்சாகத்தில் அண்ணாச்சியிடம் போய் ஒரு தத்துவம் அவிழ்த்தேன். "பாத்தீங்களா அண்ணாச்சி, அவ்வளவு கஷ்டமும் அந்த பைபிளுக்காகத்தான்னு வெச்சுக்கலாமில்லையா?"

அவர் முகம் மாறிவிட்டது. "அப்படிச் சொல்லாதீங்க தம்பி. ஒரு புஸ்தகத்துக்காக அந்தப் பிள்ளையை எடுத்துக்கிட்டாருன்னா, அப்பேர்ப்பட்ட ஆண்டவரை நான் கும்பிட மாட்டேன். ஏன் எடுத்தாருன்னு ஜட்சனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாமலே அந்த மனுசன் மறுநாள் பேனாவை எடுத்தாரு பாருங்க... அதைத்தான் நான் பிடிச்சிக்கிட்டிருக்கேன்." கொஞ்சம் நிறுத்தி, "இப்பம்லாம் சர்ச்சுல எனக்குப் பாட்டு வாய்க்கு வரமாட்டேங்கு. பக்கத்துல நிக்கவன் பாடுதான்லா, அதைக் கேட்டுக்கிட்டு நிக்கேன்" என்றார்.

நம்பிக்கை என்றால் நெஞ்சு நிமிர்த்திப் பாடுவது என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். பாட முடியாதவன் வரிசையை விட்டு விலகாமல் நிற்பதும் அந்தக் கணக்கில் சேரும் போலிருக்கிறது.

பைபிளில் யோபு கதையைப் பலர் கேட்டிருப்பீர்கள். சொத்து, பிள்ளைகள், உடம்பு எல்லாம் போய்ச் சாம்பலில் உட்கார்ந்தவர். 'பொறுமைசாலி யோபு' என்று பெயர் வாங்கியவர். ஆனால் புத்தகத்தைத் திறந்து பார்த்தால், ஆள் பக்கம் பக்கமாகக் கடவுளோடு வழக்காடுகிறார். பிறந்த நாளையே சபிக்கிறார். சிநேகிதர்கள் மூன்று பேர் கடவுளுக்கு வக்காலத்து வாங்கி, 'நீ ஏதோ தப்பு செய்திருக்கே, அதான்' என்கிறார்கள். கடைசியில் தீர்ப்பு என்ன தெரியுமா? கடவுள் கோபித்துக்கொள்வது அந்த வக்கீல்களை! சரியாகப் பேசியவன் யோபுதான் என்கிறார். சண்டை போட்டவனுக்கு ஃபுல் மார்க், சால்ரா போட்டவனுக்கு டோஸ்!

அந்தச் சிநேகிதர்கள் செய்த உருப்படியான காரியம் ஒன்று உண்டு. வந்தவுடன் ஏழு நாள், ஒரு வார்த்தை பேசாமல் யோபுவோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

ஆகவே தம்பிமார்களே, பக்கத்து சீட்டில் யாருக்காவது இப்படி ஒரு இடி விழுந்திருந்தால், 'எல்லாம் நன்மைக்கே' என்று வாட்ஸ்அப்பில் பூப்போட்ட படம் அனுப்பாதீர்கள். காரணம் கண்டுபிடித்துக் கொடுக்கிற வேலையும் நமக்கு வேண்டாம். ஒரு டீ வாங்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். அவருடைய பெண்டிங் ஃபைல் இரண்டை உங்கள் மேஜைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஏழு நாள் முடியாவிட்டால் ஏழு நிமிஷமாவது வாயை மூடிக்கொண்டிருங்கள்.